அடுப்பங்கரைக்கு ஒரு வானொலி

வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கப் புறப்படும்போது, அதன் விலை என்ன, எத்தனை ஆண்டு உழைக்கும், பார்வைக்கு எப்படி இருக்கிறது என்றெல்லாம் ஆராய்கிறோம். அதை நாள்தோறும் கையாளப் போகிறவர் யார், அவருக்கு எது வசதி என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மாணவ நண்பர்களே, இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சமையலறையில் வைப்பதற்கு எளிய வானொலிப் பெட்டி ஒன்றை, அல்லது பாட்டுப் பெட்டி ஒன்றை, எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே அது. "இதற்கும் ஓர் உரை வேண்டுமா?" என்று கல்லூரி மாணவர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2019ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று நாடெங்கும் ஆய்வு செய்தது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடமே என்றும் அந்த ஆய்வு கண்டது. 299 நிமிடத்தை 365 நாளால் பெருக்குங்கள். ஆண்டுக்கு 1,800 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஓராண்டில் இருக்க வேண்டும் என்று விதித்துள்ள கற்பித்தல் நேரம் 1,000 மணிதான். ஒரு மாணவன் வகுப்பறையில் இருப்பதைவிட அதிகமான நேரம் அவனுடைய தாய் வீட்டு வேலையில் இருக்கிறாள். அதில் பெரும்பகுதி அடுப்பைச் சுற்றியே கழிகிறது. அங்கே கைக்கு வேலை உண்டு, கண்ணுக்கும் வேலை உண்டு. செவி ஒன்றுதான் ஓய்வாக இருக்கிறது. அந்தச் செவிக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

வானொலி நம் நாட்டில் நடந்து வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னையில் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி, ஒலிபரப்பையும் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டினால் 1927இல் அது நின்றுபோயிற்று. பின்னர் 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே திருச்சி நிலையமும் வந்தது. அந்நாளில் சொந்தமாக வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் மிகச் சிலர். மற்றவர்கள் பொது இடங்களிலே ஒலிபெருக்கியின் கீழ் நின்று கேட்டார்கள். பிற்காலத்தில் ஊராட்சிகள்தோறும் நகராட்சிப் பூங்காக்கள்தோறும் பொது வானொலி அமைந்தபோதும், மாலையில் அங்கே சென்று அமர்ந்து கேட்கும் ஓய்வு ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமே இருந்தது.

அடுத்தபடியாக வானொலி வீட்டுக் கூடத்துக்கு வந்தது. நான் சிறுவனாக இருந்த 1960களில் திருவண்ணாமலையில் திருவூடல் தெருவில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு வால்வு வானொலி இருந்தது. சுவரில் பலகை அடித்து, பெட்டிக்குப் பூவேலை செய்த துணி உறை போட்டு, உயரத்தில் வைத்திருந்தார்கள். குமிழைத் திருகிய பின் அரை நிமிடம் பொறுத்தால்தான் வால்வுகள் சூடேறி ஒலி எழும். அதை வைத்திருப்பதற்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டும். அந்த உரிமமுறை 1980களில்தான் நீக்கப்பட்டது. எங்கள் வீட்டில் உரிமம் தந்தையாரின் பெயரில் இருந்தது. குமிழும் அவர் கையில்தான் இருந்தது. செய்தியா, கச்சேரியா, இலங்கை வானொலியின் திரைப்பாடலா என்பதை அவரே முடிவு செய்வார். கூடத்தில் ஒரு பாட்டு தொடங்கியதும் என் அன்னையார் கையில் கரண்டியோடு நிலைப்படி வரையில் வருவார். பல்லவி முடிந்து சரணம் எடுப்பதற்குள் அடுப்பு அவரைத் திரும்ப அழைத்துவிடும். எத்தனையோ பாட்டுகளைப் பல்லவியளவில் மட்டுமே அறிந்திருந்தவர் அவர்.

இதற்கிடையில் அறிவியல் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்காக ஷாக்லி, பார்டீன், பிராட்டன் ஆகிய மூவரும் 1956இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1954இல் டிரான்சிஸ்டர் வானொலி அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில் இயங்கிய பெருங்கருவி, சில பாட்டரிகளில் இயங்கும் சிறு பெட்டியாகச் சுருங்கிற்று. நம் ஊரில் அந்தச் சிறு பெட்டி எங்கே போயிற்று? தேநீர்க் கடைக்குப் போயிற்று. ஏற்றத்தடிக்கும் களத்துமேட்டுக்கும் போயிற்று. 1960களின் நடுவில் திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டு ஆடுதுறை-27 என்னும் புதிய நெல்லைப் பயிரிட்ட தஞ்சை உழவர்கள், அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். வயல் வரைக்கும் வானொலி போயிற்று என்பது பெருமைக்குரிய செய்தி. ஆனால் கூடத்திலிருந்து பத்தடி தொலைவில் இருந்த அடுப்பங்கரைக்கு அது போய்ச் சேர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. பல வீடுகளில் இன்னும் போய்ச் சேரவில்லை.

சில மாதங்களுக்கு முன், என்னிடம் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். இப்போது அவர் பொறியியல் கல்லூரியில் பயில்கிறார்.

"அம்மாவுக்குச் சமையலறையில் வைக்க ஒரு பாட்டுப் பெட்டி வாங்கப் போகிறேன், சார். ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பத்து விதமாக வேலை செய்யும், வண்ண விளக்கெல்லாம் எரியும்," என்றார்.

"அம்மாவைக் கேட்டாயா, தம்பி?" என்றேன்.

"இல்லை, சார். சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருந்தேன்."

"கொடுப்பதைச் சொல்லாமல் கொடு. என்ன வேண்டும் என்பதை மட்டும் எப்படியாவது கேட்டுக்கொண்டு வா," என்று அனுப்பினேன்.

மறுநாள் ஒரு தாளோடு வந்தார். அந்த அம்மையார் ஐந்து செய்திகளைச் சொல்லியிருந்தார். எண்ணெய்க் கையோடு தொட்டாலும் கெட்டுவிடுமோ என்ற அச்சம் கூடாது. சொல்வது தெளிவாகக் காதில் விழ வேண்டும். காலையில் செய்தியும், பிறகு தமக்குப் பழக்கமான பழைய பாட்டுகளும் வேண்டும். மின்சாரம் நின்றாலும் அது நிற்கக் கூடாது. ஐந்தாவதாக, "வேறொருவர் வந்து நடுவில் மாற்றக் கூடாது" என்றாராம். பொருள்களை ஆராயும் வல்லுநர் குழு ஒன்று கூடியிருந்தாலும் இதைவிட நல்ல பட்டியல் தந்திருக்க முடியாது. அந்தப் பட்டியலின் வரிசையிலேயே நாமும் செல்வோம்.

முதலாவது, கை. சமையல் செய்பவரின் கையில் ஈரம் இருக்கும், மாவு இருக்கும், மஞ்சள் இருக்கும். கண்ணாடித் திரையைத் தடவி இயக்கும் கருவிகள் அந்தக் கைக்கு ஏற்றவை அல்ல. விரல் ஈரமாக இருந்தால் திரைக்கு அது புரிவதில்லை. திரையில் பிசுக்குப் படிந்தால் எழுத்து நமக்குப் புரிவதில்லை. ஆகவே கைக்கு அடக்கமான, நன்றாகத் திருகக்கூடிய குமிழ் உள்ள பெட்டியே சிறந்தது. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒன்று, நிலையத்தைத் தேட ஒன்று என இரண்டு குமிழ்கள் போதும். பிடித்த நிலையங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் பொத்தான்கள் நான்கைந்து இருப்பின் இன்னும் நல்லது. கண்ணாடி அணியாமலே தடவிப் பார்த்து எது எந்தப் பொத்தான் என்று அறிய முடிகிறதா என்று கடையிலேயே கண்ணை மூடிச் சோதியுங்கள். ஒரே பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒன்று, இருமுறை அழுத்தினால் வேறொன்று, நீள அழுத்தினால் மற்றொன்று என்று இருந்தால், அந்தப் பெட்டியை வணங்கிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

எளிமை என்றால் மலிவு என்று பொருளல்ல. எளிமையாகச் செய்வதற்கு மிகுந்த சிந்தனை வேண்டும். நினைவு மங்கிய முதியோருக்கென்றே மேல்நாடுகளில் ஒரு பாட்டுப் பெட்டி விற்கிறார்கள். மூடியைத் தூக்கினால் பாடும், மூடினால் நிற்கும். அடுத்த பாட்டுக்கு ஒரே ஒரு பொத்தான். அதைப் பயன்படுத்த எவரும் எதையும் கற்க வேண்டியதில்லை. நம் நாட்டிலும் பழைய கிராமபோன் கம்பெனியின் வழிவந்த சரிகமா நிறுவனம் 2017இல் கேரவான் என்னும் பெட்டியை வெளியிட்டது. பழைய டிரான்சிஸ்டரைப் போன்ற வடிவம், முன்பக்கத்தில் ஒரு பெரிய குமிழ், உள்ளே முன்கூட்டியே ஏற்றப்பட்ட 5,000 பாடல்கள். தமிழ்ப் பாடல்களுக்கும் தனிப் பெட்டி வந்தது. கைப்பேசி வழியே கோடிக்கணக்கான பாடல்கள் கிடைக்கும் காலத்தில், தேட வேண்டாத பாட்டை நாடும் முதியோர் பலர் இருக்கிறார்கள் என்பதை அது காட்டிற்று. ஆனால் அத்தகைய பெட்டியில் என்ன பாட்டு இருக்க வேண்டும் என்பதை விற்பவரே முடிவு செய்துவிடுகிறார். நமக்கு வேண்டியதை நாமே சேர்த்துக்கொள்ள பென் டிரைவோ மெமரி கார்டோ செருகும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, தெளிவு. சமையலறை ஓசை மிகுந்த இடம். தாளிக்கும் ஓசை, குழாய் ஓசை, புகைபோக்கி விசிறியின் ஓசை ஆகிய அனைத்தும் அங்கே உண்டு. சுவரில் ஓடு பதித்த அறைகளில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். கடையில் இக்காலத்துப் பெட்டிகளை இயக்கிக் காட்டும்போது நெஞ்சு அதிரும்படி முழங்குகின்றன. அந்த அதிர்வைக் கண்டு மயங்காதீர்கள். மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் ஒலிகளில் பெரும்பகுதி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான இடைப்பகுதியில் அடங்கும். பழைய தொலைபேசிகள் இந்த அளவை மட்டும் கொண்டே காலம் கழித்தன. தாழ்ந்த ஒலி முழங்க முழங்கச் சொல் மூழ்கிவிடும். ஆகவே கடையில் பாட்டை வைத்துச் சோதிக்காமல் பேச்சை வைத்துச் சோதியுங்கள். செய்தி வாசிப்பவர் கூறும் ஊர்ப்பெயரும் எண்ணும் பத்தடி தொலைவில் பிழையின்றிக் கேட்டால் அது நல்ல பெட்டி.

மூன்றாவது, செய்தியும் பாட்டும். இங்கேதான் நம் ஊரின் மலை நமக்குப் பாடம் நடத்துகிறது. கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் உச்சியில் ஏற்றும் தீபம் பல கல் தொலைவுக்குத் தெரிகிறது. ஆனால் தெருவில் உயர்ந்த கட்டடம் ஒன்று குறுக்கே நின்றால் அதன் பின்னால் நிற்பவனுக்குத் தீபம் தெரியாது. ஒளி நேர்கோட்டில் செல்வதே காரணம். வானொலி அலைகளில் பண்பலை என்று நாம் கூறுவது ஏறக்குறைய இந்தத் தீபத்தைப் போன்றது. ஒரு நொடிக்கு 10 கோடி முறை அதிரும் அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதன் கால் பங்கு 75 சென்டிமீட்டர். பண்பலைப் பெட்டியின் இழுப்புக் கம்பி ஏறத்தாழ அந்த நீளத்தில் இருப்பதன் காரணம் இதுதான். பெரிய மலை குறுக்கிட்டால் இந்த அலை எளிதில் வளைந்து செல்லாது. மலைக்குப் பின்னால் நிழல் விழும். மத்திய அலையோ நீளமானது. சென்னை நிலையத்தின் 720 கிலோ ஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கணக்கிட்டால் அலையின் நீளம் ஏறக்குறைய 417 மீட்டர் வரும். அத்தனை நீண்ட அலை நிலத்தை ஒட்டித் தவழ்ந்து, மேடு பள்ளங்களை வளைந்து கடந்து வரும்.

நம் மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்குச் சற்று மேல். ஊர் பெரும்பாலும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. சென்னையும் புதுச்சேரியும் நமக்குக் கிழக்குப் பக்கத்தில் உள்ளன. கிழக்கேயிருந்து ஒரு பண்பலை வருமாயின் ஊருக்குள் அது கேட்கலாம். மலைக்கு மேற்கே ஆதி அண்ணாமலைப் பக்கத்தில் அதே பெட்டி ஊமையாக இருக்கலாம். எனவே ஒருவர் வீட்டில் நன்றாகப் பாடுகிறது என்பதற்காக மற்றொருவர் வாங்கிவிடக் கூடாது. அண்மை ஆண்டுகளில் நாட்டின் பல இடங்களில் மத்திய அலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டு வருகிறது. பண்பலைக் கோபுரங்கள் பெருகி வருகின்றன. 2023 ஏப்ரல் 28ஆம் நாள் மட்டும் அகில இந்திய வானொலிக்கு 91 புதிய பண்பலைக் கோபுரங்கள் ஒரே நாளில் தொடங்கிவைக்கப்பட்டன. ஆகவே உங்கள் வீட்டில் இன்று எந்த அலை வருகிறது என்பதை முதலில் அறியுங்கள். இரவல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, சமையலறையின் எந்தப் பக்கத்தில் எந்த நிலையம் கேட்கிறது என்று ஒரு நாள் சோதித்தால் போதும். இரும்புக் கம்பி பாய்ச்சிய கூரைக்கும், எஃகு அலமாரிக்கும், குளிர்ப்பெட்டிக்கும் நடுவில் அலை மெலியும். சன்னலருகே அது வலுவாக இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு அது இன்பம் தரும். பாட்டரியில் இயங்கும் பெட்டியை மத்திய அலையில், நிலையம் இல்லாத ஓரிடத்தில் நிறுத்துங்கள். பிறகு வீட்டிலுள்ள மின்கருவிகளை ஒவ்வொன்றாக இயக்குங்கள். மிக்சியைப் போட்டதும் பெட்டி கரகரவென்று கத்தும். அதன் மோட்டாரில் கரித்துண்டுகள் உராயும் இடத்தில் எழும் சிறு பொறிகள் தாமே வானொலி அலைகளைப் பரப்புவதே காரணம். தரம் குறைந்த எல்.இ.டி. விளக்கும் சில இண்டக்‌ஷன் அடுப்புகளும் இரைச்சல் எழுப்பும். மத்திய அலையில் பாட்டு அலையின் வீச்சிலே ஏறி வருகிறது. இரைச்சலும் வீச்சையே கெடுப்பதால் இரண்டும் கலந்துவிடுகின்றன. பண்பலையில் பாட்டு அதிர்வெண்ணின் மாற்றத்தில் ஏறி வருவதால் அத்தொல்லை மிகக் குறைவு. புத்தகத்தில் இரண்டு பக்கமாகப் படித்த பாடம், அம்மா சட்னி அரைக்கும் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும்.

பாட்டுகளைச் சேமித்து வைப்பதைப் பற்றியும் ஒரு சொல். சாதாரணத் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 1 மெகாபைட் இடத்தை எடுக்கும். நான்கு நிமிடப் பாட்டுகள் என்று கொண்டால் 8 ஜிகாபைட் கொள்ளும் சிறு துண்டில் 2,000 பாட்டுகள் அடங்கும். அவற்றை உரியவருக்கு உரியதைக் கொடுத்துப் பெறுங்கள். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டியதை ஏய்த்துப் பெற்ற பாட்டு, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கும் பொருந்தாது, நம் மனச்சான்றுக்கும் பொருந்தாது. இரண்டாயிரத்தையும் ஒரே குவியலாகக் கொட்டாமல், அம்மா கேட்கும் ஐம்பது பாட்டுகளை அவர் சொல்லும் வரிசையில் முதலில் வையுங்கள்.

பாட்டுப் பெட்டி இருக்க வானொலி எதற்கு என்று கேட்பவர் உண்டு. பாட்டுப் பெட்டி நாம் விரும்பியதைத் திருப்பித் தருகிறது. வானொலி நாம் கேட்கத் தோன்றாததையும் கொண்டுவந்து தருகிறது. டெல்லியிலிருந்து தமிழில் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமியின் குரலைப் பல்லாண்டுகள் நாம் கேட்டோம். 2022இல் அவர் மறைந்தபோது, அவர் முகத்தை ஒருபோதும் பார்த்திராதவர்களும் உறவினர் ஒருவரை இழந்தாற்போல் வருந்தினார்கள். 2009இல் மறைந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' என்று காலைப் பொழுதில் கதையும் கருத்தும் கூறினார். நான் ஆசிரியராக இருந்த நாளில், என் வகுப்பில் ஒரு மாணவன் அந்தக் கதையைச் சொல்ல, "யார் சொன்னது?" என்று கேட்டால், "அம்மா சொன்னாங்க, சார்" என்பான். இட்லித் தட்டுகளுக்கு இடையே கேட்டது பிள்ளையின் வாய் வழியே வகுப்பறைக்கு வந்துவிடும். தாயின் செவிக்குள் செல்வது வீட்டுக்குள் தங்கிவிடுவதில்லை. ஆகவே இரண்டும் சேர்ந்த பெட்டியே சமையலறைக்கு உகந்தது என்பது என் கருத்து.

நான்காவது, மின்சாரம். சிறு பெட்டி ஒன்று 5 வாட் மின்சாரம் கொள்ளும் என்று வைத்து, நாளுக்கு 4 மணி நேரம் ஓடினாலும், மாதத்துக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவுதான். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பாதுகாப்பைப் பற்றிக் கவலை வேண்டும். சுவரிலிருந்து மின்சாரம் பெறும் பெட்டியைத் தண்ணீர்க் குழாய்க்கு அருகில் வைக்காதீர்கள். அதன் கம்பி அடுப்புக்கு மேலே தொங்கக் கூடாது. மின்மாற்றியின் மீது இந்தியத் தர அமைவனத்தின் பதிவுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே லித்தியம் பாட்டரி உள்ள பெட்டியை அடுப்பின் வெப்பம் தாக்காத தொலைவில் வையுங்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும் சாதாரணப் பாட்டரியிலும் ஓடுமானால் அது கூடுதல் சிறப்பு.

மின்சாரம் இல்லாத வேளையிலும் இயங்க வேண்டும் என்று அந்த அம்மையார் கூறியதற்கு வலுவான காரணம் உண்டு. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. அதன் மழை நம் ஊரைத் தாக்கியது. டிசம்பர் 1ஆம் நாள் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்தது. குழந்தைகள் உள்பட ஏழு உயிர்கள் போயின. ஒரு வானொலிப் பெட்டி அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அந்தத் துயரத்துக்குச் செய்யும் அவமதிப்பு. ஆயினும், புயல் வேளையில் மின்சாரம் போகும், கைப்பேசியின் பாட்டரி தீரும், கோபுரமும் செயலற்றுப் போகக்கூடும். அப்போது இரண்டு பாட்டரிகளோடு வெளியுலகின் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி வானொலிதான். பிரிட்டனைச் சேர்ந்த டிரெவர் பேலிஸ் என்பவர் 1990களில் கையால் முறுக்கி இயக்கும் வானொலியை உருவாக்கியது, மின்சாரமும் பாட்டரியும் எட்டாத மக்களை எண்ணித்தான். அடுப்பங்கரையில் அன்றாடம் பாடும் பெட்டி, ஆபத்து நாளில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாத பெட்டியாகவும் இருக்கும்.

கைப்பேசியே போதுமே என்பீர்கள். அது நல்ல கருவிதான். ஆனால் பாட்டின் நடுவில் அழைப்பு வரும். அடுத்த அறையில் தம்பி அதைக் கேட்பான். இணையம் வழியாகப் பேச்சுக்குக் கட்டுப்படும் ஒலிபெருக்கிகளும் இப்போது உண்டு. கை படாமல் இயங்குவது வசதியே. இணையம் நின்றால் அதுவும் நிற்கும் என்பதையும், நம் பேச்சைக் கேட்பதற்காக அது எப்போதும் காது கொடுத்துக் காத்திருக்கிறது என்பதையும் அறிந்து வாங்குங்கள்.

பாட்டுக் கேட்டால் கவனம் சிதறிப் பால் பொங்கிவிடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. பலகாலம் பழகிய கைக்கு வேலையில் மனம் முழுவதும் தேவைப்படுவதில்லை. நாற்று நடும் பெண்கள் பாடிக்கொண்டே நட்டார்கள். சுண்ணாம்பு இடித்தவர்கள் பாடிக்கொண்டே இடித்தார்கள். ஆனால் குக்கரின் விசிலும், எரிவாயு கசியும் ஓசையும், வாசலில் அழைக்கும் குரலும் காதில் விழும் அளவுக்கு ஒலியைக் குறைத்து வைப்பது அறிவுடைமை. அமைதியையே விரும்பும் தாய்மாரும் உண்டு. அவர்களுக்குப் பெட்டி வாங்கிக் கொடுப்பதைவிட, அந்த அரை மணி நேர அமைதியைக் காத்துக் கொடுப்பதே பெரிய உதவி.

ஐந்தாவது செய்திக்கு வருகிறேன். "வேறொருவர் வந்து நடுவில் மாற்றக் கூடாது." இதற்குக் கடையில் தனிப் பொத்தான் எதுவும் இல்லை. இதை வாங்க முடியாது. வீட்டார்தான் தர வேண்டும். கூடத்து வானொலியை ஒருவர் ஆண்டார். அதன்பின் வந்த தொலைக்காட்சியை மற்றொருவர் ஆண்டார். சமையலறைப் பெட்டியின் குமிழாவது அங்கே உழைப்பவரின் கையில் இருக்கட்டும். அவர் வைத்த பாட்டு உங்களுக்குப் பழமையாகத் தோன்றலாம். அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் அந்த அறைக்குள் சென்று வருவது நீங்கள் பயில வேண்டிய பண்பாடு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டோம், நம் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 299 நிமிடத்தைப் பாட்டு இனிமையாக்கும், அதைக் குறைக்காது. குறைப்பதற்கு இன்னும் இரண்டு கைகள் வேண்டும். இன்று மாலை உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். எங்கே பலகை அடிக்கலாம், எது கைக்கு எட்டும், எது காதுக்கு எட்டும் என்பது தெரியவரும். நின்ற நேரத்தில் வெங்காயத்தையும் நறுக்கிக் கொடுங்கள். அந்த வேலையில் பங்கு கொண்டவருக்குத்தான் அங்கே எந்தப் பெட்டி பொருந்தும் என்று சரியாகத் தெரியும்.